ஊசி போட்டால் அடங்குகிறது, மூன்றே வாரத்தில் திரும்பி வருகிறது

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் வீட்டில் நான்கு வயது லாப்ரடார் பெண் நாய். செல்லி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வயதில், ஐப்பசி மழை நேரத்தில், முன்னங்கால் பாதங்களை நக்கத் தொடங்கினாள். அந்த வருஷம் தை பிறந்ததும் தானாக அடங்கிவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து மழை, வெயில் என்ற கணக்கே இல்லை. பாதம், அக்குள், அடிவயிறு, காது என்று எங்கும் அரிப்பு. விரலிடுக்கில் ரோமம் துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டது. காதில் பழுப்பு அழுக்கு, நாற்றம், அடிக்கடி சீழ். உள்ளூர் டாக்டர் போட்ட ஊசியில் இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மூன்று வாரத்தில் திரும்பியது. ஒரு வருஷமாக மாதம் ஒரு ஊசி. செல்லி இப்போது 38 கிலோ. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள், ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடுகிறாள்.

இடையில் வீட்டு வைத்தியமும் நடந்திருக்கிறது. தினமும் டெட்டால் கலந்த தண்ணீரில் குளியல், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூச்சு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தோல் களிம்பு. சைவ வீடு என்பதால் தயிர் சாதம், பருப்பு சாதம், மாலையில் பால், அதோடு கோழி சேர்த்த கடை உணவு. ‘கோழி சூடு’ என்று யாரோ சொல்ல, ஆட்டுக்கறி என்று பையில் போட்டிருக்கும் வேறு பிராண்டுக்கு மாறி, பாலையும் தயிரையும் கூட்டியிருக்கிறார்கள். பெரிய தொகை கொடுத்து ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தார்கள். அரிசி, உருளைக்கிழங்கு, முட்டை, தூசிப்பூச்சி என்று ஒரு நீளப் பட்டியல் வந்தது. இதற்கிடையில் பத்து வயது மகனின் கையிலும் வயிற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம். நாயிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்கிறார் மாமியார். பக்கத்து மாட்டுக்கொட்டகைக்காரர், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைத் தானே போட்டுவிடுவதாகச் சொல்கிறார். தோப்பு வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்பது கணவரின் யோசனை.

நிரந்தரத் தீர்வு உண்டா, பிள்ளைக்கு ஒட்டுமா, அந்த ஊசி விஷமா, நாயைக் கொடுத்துவிடுவது தப்பா என்று நான்கு கேள்விகள். எல்லாம் முடிந்தபின் போகிற போக்கில் ஒரு வரி: ஊசி கெடுதல் என்று படித்துவிட்டு இந்த மாதம் போடவில்லை, பத்து நாளாகச் சோர்ந்து படுத்திருக்கிறாள், சாப்பாடு பாதிதான், நேற்று இரண்டு முறை வாந்தி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளையும் விட அந்தக் கடைசி வரிதான் அவசரம். கடிதம் கையில் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகச் சொல்லியாயிற்று. இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

இன்றே செய்ய வேண்டியது

மாதாமாதம் போட்ட ஊசி, நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும். நாயின் சிறுநீரகத்துக்கு அருகில் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும் மருந்து வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். திடீரென்று மருந்தை நிறுத்தினால், சுரப்பி மறுபடி விழித்துக்கொள்வதற்குள் உடம்பில் கார்ட்டிசால் பற்றாக்குறை வரலாம். சோர்வு, பசியின்மை, வாந்தி எல்லாம் அப்படித்தான் வரும்.

ஆனால் அதுதான் காரணம் என்று தூரத்திலிருந்து முடிவு கட்ட முடியாது. செல்லிக்குக் கருத்தடை அறுவை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லையென்றால், அதிகம் தண்ணீர் குடிக்கும், சோர்ந்துபோன, வாந்தி எடுக்கும் பெண் நாயில் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வயிற்று ஸ்கேனில் தெரிந்துவிடும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் மாட்டுக்கொட்டகை இருப்பதால் உண்ணிக் காய்ச்சலும் சாத்தியம். ஸ்டீராய்டு நீண்டநாள் போனதால் சர்க்கரை நோய் வந்திருக்கலாம். ஆகவே ரத்த அணுக்கள், ரத்தப் படலத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி, சர்க்கரை, ஈரல், சிறுநீரகம், சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் கார்ட்டிசால் டெஸ்ட். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். போகும்போது ஊசியின் பெயர், அளவு, போட்ட தேதிகள் எல்லாவற்றையும் உள்ளூர் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். கேட்கச் சங்கடப்பட வேண்டாம், அது உங்கள் நாயின் மருத்துவக் குறிப்பு.

அந்த ஊசி விஷமா?

விஷம் இல்லை. உங்கள் டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் ஆடும் மாடும் நிற்கும் ஒரு ஊர் மருந்தகத்தில், ரத்தம் வரச் சொறிந்துகொண்டு வரும் நாய்க்கு அன்றைக்கு நிம்மதி கொடுக்க அதைவிட விரைவான, விலை குறைந்த மருந்து கிடையாது. நானும் ஸ்டீராய்டு எழுதுகிறேன். ஆனால் குறைந்த நாளைக்கு, மாத்திரையாக, படிப்படியாகக் குறைத்து. மாத்திரை என்றால் ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவைக் குறைக்கலாம். நீண்டநாள் ஊசி ஒரு தடவை உள்ளே போய்விட்டால் திருப்பி எடுக்க வழியில்லை.

ஒரு வருஷம் மாதாமாதம் போட்டதும், எதனால் அரிக்கிறது என்று யாரும் தேடாததும்தான் தப்பு. ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைத்துக்கொண்டே இருந்தால் தரை நனையாது, கூரை மட்டும் உளுத்துக்கொண்டே போகும். தாகம், சிறுநீர், பசி, எடை, தொங்கும் வயிறு எல்லாம் அந்த ஊசியின் விலை. அதோடு தோலின் எதிர்ப்புச் சக்தியும் குறைவதால் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதாகக் குடியேறும். அவை தாமாகவே அரிப்பைக் கிளப்பும். பிறகு அதற்கும் ஊசி.

ஒரு எச்சரிக்கை. உடம்பில் ஸ்டீராய்டு இருக்கும்போது மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் புண் விழுந்து ரத்தம் கசியலாம். காலை நொண்டுகிறாளே என்று வேறொருவரிடம் காட்டப் போனால், ஊசி விவரத்தை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு ஒட்டுமா?

அலர்ஜி ஒட்டாது. நாயிடமிருந்து பிள்ளைக்கும் வராது, இன்னொரு நாய்க்கும் வராது. உங்கள் மாமியார் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் மாட்டேன். அரிப்பு தரும் இரண்டு நோய்கள் மனிதருக்கு வரும். ஒன்று, ஸார்கோப்டிஸ் என்ற நுண்பூச்சியால் வரும் சொறி. நாயைக் கட்டிப்பிடிக்கும் இடங்களில், அதாவது கையிலும் வயிற்றிலும், சின்னக் கொப்புளங்கள் வரும். உங்கள் மகனுக்கு வந்திருப்பதும் அதே இடங்களில்தான். நாயின் பூச்சி மனிதத் தோலில் பெருகி வாழாது. நாயைக் குணப்படுத்தினால் பிள்ளைக்கும் அடங்கிவிடும். இன்னொன்று பூஞ்சையால் வரும் படர்தாமரை, வட்ட வட்டமாகத் தெரியும். உங்கள் மகனுக்கு வந்திருப்பது தெள்ளுப்பூச்சிக் கடியாகவும் இருக்கலாம், நாய்க்குச் சம்பந்தமே இல்லாத வேர்க்குருவாகவும் இருக்கலாம்.

மகனைத் தோல் டாக்டரிடம் காட்டி, வீட்டில் நாய் இருப்பதையும் அதற்கு அரிப்பு இருப்பதையும் சொல்லுங்கள். செல்லிக்கு வாங்கிய களிம்பை அவனுக்கும் தடவியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கும் இந்தக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். படர்தாமரையில் அதைத் தடவினால் முதலில் சிவப்பு குறையும், பிறகு பரவும். செல்லியைப் பொறுத்தவரை, தடவிய அடுத்த நிமிஷம் நக்கி உள்ளே தள்ளிவிடுவாள். அந்த ட்யூபைத் தூக்கிப் போடுங்கள்.

சொறிதானா என்று பார்க்க டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பூச்சி கண்ணில் படாமலும் போகலாம். காது ஓரத்தைத் தேய்க்கும்போது நாய் பின்னங்காலை உதறிச் சொறிவது ஒரு நல்ல தடயம். சந்தேகம் பலமாக இருந்தால் பூச்சி தெரியாவிட்டாலும் மருந்து கொடுத்துப் பார்ப்பதே நடைமுறை.

மாட்டுக்கொட்டகைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். இருந்தாலும் வேண்டாம். மாட்டுக்கான ஐவர்மெக்டின் கெட்டியான மருந்து, நாய்க்கு அளவு தப்புவது சுலபம். கோலி வகை நாய்கள் சிலவற்றில் மரபணுக் குறைபாட்டால் இந்த மருந்து மூளைக்குள் புகுந்து உயிரைப் பறிக்கும். லாப்ரடாருக்கு அந்தக் குறை வழக்கமில்லை என்றாலும், நோய் என்னவென்று தெரியாமல் மருந்தைச் செலுத்த இது ஒரு காரணமாகாது. சொறி நாய்க்கு வண்டியின் பழைய ஆயிலையும் மண்ணெண்ணெயையும் தடவுவது இன்னமும் நம் ஊர்களில் நடக்கிறது. தோலும் வெந்து, நக்கினால் ஈரலும் நுரையீரலும் கெடும். யாராவது டப்பாவோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

எந்த வரிசையில் தேடுவது

ஒன்றரை வயதில் தொடக்கம், முதலில் மழைக்காலம், பிறகு வருஷம் முழுக்க. பாதம், அக்குள், அடிவயிறு, காது. இதைப் படித்ததும் என் மனதில் முதலில் வந்தது அடோபி, அதாவது சுற்றுப்புறத்தில் இருக்கும் தூசிப்பூச்சி, பூஞ்சை, மகரந்தம் போன்றவற்றுக்கு வரும் பரம்பரை அலர்ஜி. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும், லாப்ரடாரில் அதிகம் பார்க்கிறோம். இதை உறுதி செய்ய ஒரு டெஸ்ட் கிடையாது. மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கி, மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர். விலக்கும் வரிசை முக்கியம்.

1. தெள்ளும் உண்ணியும். ‘என் நாயிடம் தெள்ளே இல்லை’ என்று எல்லோரும் சொல்வார்கள். அலர்ஜி உள்ள நாய் நக்கியும் கடித்தும் தெள்ளை விழுங்கிவிடும், உங்கள் கண்ணில் படாது. பேன் சீப்பால் வாலடியில் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். தெள்ளின் முட்டை, புழு, கூடு எல்லாம் நாயின் மேல் தங்குவதில்லை. தரை இடுக்கிலும் படுக்கையிலும் இருக்கும். ஆகவே ஒரு மாத மருந்து போதாது, குறைந்தது மூன்று மாதம். வீட்டில் பூனையோ வேறு நாயோ இருந்தால் அவற்றுக்கும் சேர்த்துத்தான். பூனைக்கு மட்டும் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் போட்டுவிடாதீர்கள், அதற்கு அது உயிர்க்கொல்லி. கழுத்தில் சொட்டுவிடும் மருந்து அடிக்கடி குளித்தால் நிற்காது. செல்லிக்கு வாரம் இருமுறை மருந்துக் குளியல் சொல்லப்போகிறேன், அதனால் மாத்திரையே மேல். பன்னிரண்டு வாரம் வேலை செய்யும் ஃப்ளூரலானர் போன்றவை கிடைக்கின்றன, ஸார்கோப்டிஸ் பூச்சியையும் அவை கொல்லும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

2. கிருமியும் பூஞ்சையும். அந்த நாற்றமும் காதின் பழுப்பு அழுக்கும் மலசீசியா என்ற பூஞ்சையை நினைவுபடுத்துகின்றன. பசைநாடாவைத் தோலில் ஒட்டி எடுத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். மலிவான பரிசோதனை. நீங்கள் எடுத்த அந்தப் பெரிய ரத்த டெஸ்டுக்கு முன்னால் இது நடந்திருக்க வேண்டும். டெல்டா ஈரத்துக்கு மலசீசியா கொழிக்கும், எண்ணெய்ப் பசையும் அதற்குப் பிடிக்கும். ஆகவே தேங்காய் எண்ணெய் தடவும் யோசனை வந்தால் தள்ளிப்போடுங்கள். காதுக்குள் செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தச் சொட்டு மருந்தும் விடக்கூடாது.

3. உணவு. இதற்குத் தனியாகக் கொஞ்சம் இடம் வேண்டும்.

கோழி, பால், சூடு

நாய்களில் உணவு அலர்ஜிக்குக் காரணமென அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. உங்கள் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். கோழியைச் ‘சூடு’ என்று நிறுத்தினீர்கள். குளிர்ச்சி என்று பாலையும் தயிரையும் கூட்டினீர்கள். பட்டியலில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். கோழி சாப்பிட்டால் அரிக்கிறது என்று கவனிப்பவர்கள் சில சமயம் சரியாகவே கவனிக்கிறார்கள், காரணம்தான் வேறு. உடம்பின் சூட்டுக்கு இதில் வேலையில்லை. அந்தப் புரதத்தை எதிரி என்று உடம்பு தப்பாக அடையாளம் கண்டுகொள்கிறது. புது உணவு என்பதால் வருவதும் இல்லை. வருஷக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததற்கே அலர்ஜி வரலாம்.

ரத்த டெஸ்ட் பட்டியலில் இருக்கும் உணவுப் பெயர்களை மறந்துவிடுங்கள். நாயின் உணவு அலர்ஜியை ரத்தத்தாலோ எச்சிலாலோ ரோமத்தாலோ நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. அரிசியும் உருளையும் அந்தத் தாளில் இருக்கிறது என்பதற்காக நிறுத்த வேண்டியதில்லை. தூசிப்பூச்சி போன்ற சுற்றுப்புறப் பகுதிக்குக்கூட ஒரே ஒரு பயன்தான், அதைப் பிறகு சொல்கிறேன். தாளை எறிந்துவிடாதீர்கள்.

உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எட்டு வாரம் ஒரே உணவு. புரதத்தை மிகச் சிறு துண்டாக்கி, உடம்பு அடையாளம் காணாதபடி செய்த ‘ஹைட்ரோலைஸ்டு’ உணவு டாக்டர் சீட்டில் கிடைக்கிறது. விலை அதிகம்தான். சைவ வீட்டில் புதிதாக மீனோ கறியோ சமைக்கச் சொல்வதைவிட இது உங்களுக்கு எளிது. கடையில் ‘ஆட்டுக்கறி’ என்று விற்பதை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அப்படிப்பட்ட சாதாரண உணவுகளைப் பரிசோதித்தபோது லேபிளில் இல்லாத இறைச்சிகளும் இருந்தது தெரிய வந்திருக்கிறது.

எட்டு வாரம் என்றால் எட்டு வாரம். பிஸ்கட், பால், நெய், தயிர் சாதத்தின் கடைசி உருண்டை, கோயில் பொங்கல், எதுவும் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் இந்தச் சோதனை தோற்பது நாயால் இல்லை. பாட்டி மாலையில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் பால் ஊற்றுவார், பேரன் மேசைக்குக் கீழே சப்பாத்தியைக் கொடுப்பான். உங்கள் மாமியாரிடம் தடை போடாதீர்கள், வேலை கொடுங்கள். செல்லிக்கு வேளாவேளைக்கு அளந்து வைப்பது அவர் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். மாத்திரைகள் பலவற்றில் ருசிக்காகக் கறிச் சுவை சேர்த்திருப்பார்கள். அதனால்தான் பன்னிரண்டு வார உண்ணி மாத்திரையை உணவுச் சோதனை தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுவது வசதி.

எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்தால் வேலை பாதிதான் முடிந்தது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும், முதலில் பால் மட்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் ஆளைப் பிடித்துவிட்டோம். திரும்பாவிட்டால் அடுத்தது கோழி. இந்தத் திரும்பக் கொடுக்கும் கட்டத்தைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஆயுள் முழுக்கத் தேவையில்லாமல் விலை உயர்ந்த பையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்வரை இந்தச் சோதனையின் முடிவை நம்ப முடியாது, அதனால் எப்போது தொடங்குவது என்று டாக்டரோடு பேசித் தேதி குறியுங்கள்.

நிரந்தரத் தீர்வு?

உணவுதான் காரணம் என்று தெரிந்தால், அதை விலக்குவதே கிட்டத்தட்ட நிரந்தரத் தீர்வு. தெள்ளு என்றாலும் அப்படியே. எல்லாம் விலகி அடோபி என்று நின்றால், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: முழுக்கக் குணமாகாது. கட்டுக்குள் இருக்கும். நல்லபடியாகக் கட்டுக்குள் இருக்கும் நாய் ஓடி விளையாடி, தூங்கி, வயசாகிப் போய்ச் சேரும். வருஷத்தில் ஓரிரு முறை கிளம்பும், அப்போது மருந்தைக் கூட்டுவோம்.

மருந்துகளில் ஒக்லாசிட்டினிப் மாத்திரை ஒரே நாளில் அரிப்பைக் குறைக்கும், ஸ்டீராய்டு மாதிரி தாகமும் பசியும் தராது. ஒரு வயதுக்கு மேற்பட்ட நாய்களுக்குத்தான். கடுமையான தொற்று இருக்கும்போது கூடாது. எடைக்கு ஏற்ற அளவு என்பதால் 38 கிலோ நாய்க்குச் செலவு கையைக் கடிக்கும். செல்லி இளைத்தால் உங்கள் மாதச் செலவும் இளைக்கும். சைக்ளோஸ்போரின் மெதுவாக வேலை செய்யும், பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அலர்ஜித் தடுப்பு ஊசி என்று ஒன்று உண்டு. எதற்கு அலர்ஜியோ அதையே மிகச் சிறு அளவில் தொடங்கிக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. உங்கள் ரத்த டெஸ்டின் தூசிப்பூச்சிப் பகுதி இதற்குத்தான் உதவும். பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்குப் பலன் கிடைக்கிறது, ஆனால் பலன் உண்டா என்று சொல்லவே ஒரு வருஷம் பொறுக்க வேண்டியிருக்கும். மனிதர்கள் அலர்ஜிக்குப் போடும் செட்ரிசின் மாத்திரை பெரும்பாலான நாய்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. சளி மருந்து கலந்த செட்ரிசின் வகைகள் நாய்க்கு ஆபத்து, ஆகவே கடையில் கேட்டு வாங்க வேண்டாம். மீன் எண்ணெய் மெதுவாக உதவும், இரண்டு மூன்று மாதம் கொடுத்துத்தான் சொல்ல முடியும். அதையும் உணவுச் சோதனை முடிந்த பிறகு தொடங்குங்கள்.

குளியலும் வீடும்

டெட்டாலை நிறுத்துங்கள். தினமும் கிருமிநாசினியில் குளித்தால் தோலின் மேலிருக்கும் கொழுப்புப் படலம் கரைந்து, தூசியும் கிருமியும் உள்ளே புக வழி ஏற்படும். பதிலாக டாக்டர் சொல்லும் குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு, பூஞ்சை இருந்தால் மைகோனசோலும் சேர்ந்தது, தொடக்கத்தில் வாரம் இருமுறை. நுரையைப் பத்து நிமிஷம் அப்படியே விட வேண்டும். இந்தப் பத்து நிமிஷம்தான் மருந்து. உடனே கழுவினால் காசு சாக்கடைக்குப் போகும். மகனை ஒரு பாட்டுப் போட்டுவிட்டு செல்லியோடு உட்காரச் சொல்லுங்கள், தோல் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. வெந்நீர் வேண்டாம். கழுவியபின் விரலிடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். வேப்பிலைத் தண்ணீரால் கடைசியாக ஒரு தடவை ஊற்றுவதில் எனக்கு ஆட்சேபமில்லை, அதை மருந்து என்று நினைக்காதவரை. மஞ்சள் பூச்சு நக்கிப் போகும், சுவரும் மஞ்சளாகும்.

வெளியே போய் வந்ததும் நான்கு பாதத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். தரைக்கு பினாயில் போட்டால் ஈரம் காய்ந்த பிறகே அவளை உள்ளே விடுங்கள், வயிறு தரையில் படும் இடத்தில் அது எரிச்சல் தரும்.

கொடுத்துவிடலாமா?

உங்கள் கணவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ராத்திரி முழுக்க நாய் சொறியும் சத்தத்தில் தூங்காமல், காலையில் தரை துடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் ‘தோப்பில் விட்டால் காற்றோட்டமாக இருக்கும், அரிப்பு போய்விடும்’ என்பது சரியான கணிப்பு இல்லை. தோப்பில் புல், மகரந்தம், உண்ணி எல்லாம் அதிகம். மாத்திரையை யாரும் நேரத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். ஊசி நின்ற இந்த நேரத்தில் இடமும் ஆளும் மாறினால் அந்த அதிர்ச்சியையே அவள் உடம்பு தாங்காமல் போகலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் பொறுப்பேற்று வளர்க்கக் கொடுப்பது குற்றமில்லை. பட்டினியாலும் தாகத்தாலும் வாடும்படி எங்கோ விட்டுவிட்டு வருவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

என் யோசனை இது. ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். முதல் மாதம் இப்போதைய சோர்வும் தெள்ளும் கிருமியும். அடுத்த இரண்டு மாதம் உணவு. அதன் பிறகு மருந்து. அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வாரம் ஒருமுறை கணவரையே போடச் சொல்லி காலண்டரில் குறியுங்கள். பத்திலிருந்து நான்குக்கு இறங்கினால் அவர் கண்ணுக்கே தெரியும், நீங்கள் வாதாட வேண்டியிருக்காது. ஆறு மாதம் கழித்தும் வீட்டால் முடியவில்லை என்றால், கொடுப்பதில் அவமானம் எதுவுமில்லை. அப்போது மருத்துவக் குறிப்புகள், ரத்த டெஸ்ட் தாள், எந்த உணவு ஒத்துக்கொள்ளும் என்ற பட்டியல், ஒரு மாத மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். மாதம் எவ்வளவு செலவாகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டபிறகும் சரி என்கிறவரிடம் மட்டும் கொடுங்கள்.